அழைக்கப்படாத காது: மதுரையும் போலீஸ் மைக்கும் குறித்துச் சில குறிப்புகள்

1

மதுரையில் 'மைக்' என்கிற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், கல்யாண வீடு, இழவு வீடு என எல்லா இடத்திலும் கட்டப்படுகிற ஒலிபெருக்கி ஒன்று. போலீஸ்காரர்கள் தோளில் மாட்டியிருக்கும் வாக்கி டாக்கியிலும், ஜீப்பிலும் ஸ்டேஷனிலும் இருக்கும் வயர்லெஸ் செட்டிலும் பேசிக்கொள்வது இன்னொன்று. 'மைக்ல சொல்லிட்டாங்க', 'ஓபன் மைக்ல வச்சே கிழிச்சிட்டாரு' என்று போலீஸ் வட்டாரத்தில் பேசிக்கொள்வதைப் பலரும் கேட்டிருக்கலாம். முதல் மைக், கேட்க விருப்பமில்லாதவன் காதிலும் போய் விழவேண்டும் என்பதற்காகவே கட்டப்படுவது. இரண்டாவது மைக், கேட்க விரும்புகிறவன் காதில்கூட விழக்கூடாது என்று சட்டம் போட்டுக் காக்கப்படுவது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டையும் நம்ம ஊர்ப் பேச்சு ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கிறது.

இக்கட்டுரை இரண்டாவது மைக்கைப் பற்றியது. அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்புப் படைகளின் வயர்லெஸ்ஸை ஸ்கேனர் என்ற கருவி வைத்துக் கேட்பது பல லட்சம் பேருக்குப் பொழுதுபோக்கு. நம்மிடம் அது குற்றம். இந்த வேறுபாட்டை 'அவங்க ஊர்ல சுதந்திரம், நம்ம ஊர்ல அடக்குமுறை' என்று முடித்துவிட முடியாது. அரசு தனக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, அப்படிப் பேசியதைச் சேமித்து வைக்கும் கடமை யாருக்கு உண்டு என்ற இரண்டு கேள்விகளாக இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் கேள்வியைப் பற்றியே இதுவரை பேசியிருக்கிறோம். வரலாறு எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் வாதம்.

2

வயர்லெஸ் வருவதற்கு முன்பே மதுரைச் சமவெளியில் தகவல் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை நடந்திருக்கிறது. அதற்கு ஒரு சொல்லும் இருந்தது: துப்பு. மாடு களவு போனால், பறிகொடுத்தவர் உள்ளூர்க் காவல்காரரிடமோ இடையாளிடமோ போவார். மாட்டின் மதிப்பில் ஒரு பங்கைத் துப்புக்கூலியாகக் கொடுத்தால் மாடு இன்ன இடத்தில் கட்டிக் கிடக்கிறது என்று தகவல் வரும். 1906இல் மதுரை மாவட்ட கெஜட்டீரைத் தொகுத்த டபிள்யூ. பிரான்சிஸ் இதைக் குறிப்பிடுகிறார். வெள்ளைக்கார அதிகாரியின் கண்ணுக்கு இது திருட்டின் இரண்டாம் பாகம். ஊர்க்காரர்களுக்கோ இது தகவலுக்கு விலை வைத்த ஒரு நடைமுறை. ஆனால் இதை இலட்சியப்படுத்தவும் கூடாது. காவல் என்பது சாதியின் ஆயுதபலத்தோடு பிணைந்திருந்தது. கூலி கொடுக்க வக்கில்லாதவர்களுக்குத் துப்பு கிடைக்காது.

1816இல் கம்பெனி அரசு காவல் முறையை ஒழித்தது. அது காகிதத்தில்தான் ஒழிந்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்கு மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. துப்பு இனிமேல் அரசின் ஏகபோகம் என்பதுதான் இந்தச் சட்டங்களின் உட்பொருள். அந்த ஏகபோகத்தை நிலைநாட்ட முடியாதபோது குற்றப் பரம்பரையினர் சட்டம் வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பிரமலைக் கள்ளர் மீது 1910களில் படிப்படியாக ஏவப்பட்டது. ஊர் ஊராகக் கைரேகை எடுத்தார்கள். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டும் என்றார்கள். இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். மாகாணத்தில் இச்சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் காலகட்டத்தில் அரசு மக்களோடு பேசுவதற்கு வைத்திருந்த சாதனம் தண்டோரா. வரி கட்ட வேண்டிய நாளா, ஏலமா, கண்மாய் திறப்பா, தடையுத்தரவா, எதுவானாலும் பறையடித்துச் சொல்லப்பட்டது. அடித்தவர்கள் தலித்துகள். அதிகாரத்தின் குரலைச் சுமக்கும் வேலை அவர்களுக்கு, அதிகாரத்தில் பங்கு மட்டும் கிடையாது. இந்த இழிவு நீண்டகாலம் நீடித்தது. தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தமிழக அரசு தடை சொன்னது 2022 ஆகஸ்டில்தான்.

ஆக, வானொலிக்கு முன் இரண்டு ஒலிகள் இருந்தன. ஊருக்குள் விலைக்குக் கிடைத்த துப்பு, அரசு ஊரைப் பார்த்து அறிவித்த தண்டோரா. வயர்லெஸ் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தது. அரசு தனக்குத் தானே, ஊரின் தலைக்கு மேலே, ஊர் முழுக்கப் பரவும் காற்றில் பேசத் தொடங்கியது. தந்திக்குக் கம்பி உண்டு; கம்பிக்கு இரண்டு முனைதான். வயர்லெஸ்ஸுக்கு முனையே கிடையாது. ஒருவன் பேசினால் கருவி வைத்திருக்கிற எல்லோருக்கும் கேட்கும். அரசு தன் ரகசியத்தைப் பொதுவெளியில் வைத்துப் பேசவேண்டிய கட்டாயம் வரலாற்றில் முதல் தடவையாக ஏற்பட்டது.

3

இந்த முரண்பாட்டை அமெரிக்கா எதிர்கொண்ட விதம் வேறு. 1928இல் டெட்ராய்ட் போலீஸ் ரோந்துக் கார்களுக்குச் செய்தி சொல்ல ஒருவழி வானொலியை வெற்றிகரமாக நடத்தியது. அன்றைக்கு அந்த அலைவரிசை சாதாரண வானொலிப் பெட்டிகள் எட்டக்கூடிய இடத்திலேயே இருந்தது. 1930களில் விற்ற வீட்டு ரேடியோக்களின் டயலில் 'போலீஸ்' என்று தனியாக அச்சடித்தே கொடுத்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து கொள்ளைச் செய்தி கேட்டார்கள். 1934இன் தகவல்தொடர்புச் சட்டம்கூட, கேட்டதை அடுத்தவருக்குச் சொல்வதையும் அதில் ஆதாயம் பார்ப்பதையும்தான் குறிவைத்தது. ஸ்கேனர் என்பது இந்த மரபின் பிள்ளை. ஒரே நிலையத்தில் நிற்காமல் வரிசையாக அலைவரிசைகளைத் தாவித்தாவிப் பார்க்கும் ரேடியோ அது. எங்கே பேச்சு வருகிறதோ அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும்.

நம்மிடம் கதை வேறு திசையில் போனது. 1885இன் இந்தியத் தந்திச் சட்டம் தந்தி நடத்தும் முற்றுரிமையை அரசுக்குக் கொடுத்தது. பொது நெருக்கடியின்போது யாருடைய செய்தியையும் இடைமறிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. செய்தியின் உள்ளடக்கத்தைச் சட்டவிரோதமாக அறிய முயல்கிற மற்றவர்களுக்குச் சிறை என்றது. 1933இன் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே போய், கருவியை உரிமமில்லாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை அபராதம், அடுத்த தடவைக்கு 250. கருவி ஒருவரது கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் இருந்தாலே அது அவர் வசம் இருந்ததாக நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். 1949இல் ஒலிபரப்பும் கருவிக்கு மூன்று வருடம் வரை சிறை சேர்க்கப்பட்டது. வெள்ளைக்காரன் போட்ட இந்தச் சட்டங்களைச் சுதந்திர அரசு இறுக்கியதே தவிர தளர்த்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே நம் வீடுகளுக்குள் ரேடியோ வந்தபோதே அது லைசென்ஸோடுதான் வந்தது. போஸ்டாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி, புத்தகத்தில் வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த லைசென்ஸ் 1980களின் நடுப்பகுதியில்தான் ஒழிந்தது. மதுரைக்குச் சொந்தமாக ஒரு அகில இந்திய வானொலி நிலையம் 1987இல்தான் வந்தது. அதுவரைக்கும் திருச்சியும் இலங்கையும்தான் நமக்குப் பாடின. பாட்டும் செய்தியும் கேட்கக் கொடுத்த உரிமம் பாட்டும் செய்தியும் கேட்க மட்டுமே. காது அரசு உரிமத்தின்பேரில் இயங்கும் ஒரு உறுப்பு என்பதை அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த நாட்டில் யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை.

4

ஆனாலும் கேட்டார்கள். மதுரையில் அதற்குப் பெரும்பாலும் ஸ்கேனர் தேவைப்படவில்லை.

மதுரை கிட்டத்தட்ட தட்டையான ஊர். யானைமலை, நாகமலை, அழகர்மலை என விளிம்பில் குன்றுகள், நடுவில் வைகைச் சமவெளி. போலீஸ் பயன்படுத்தும் வி.எச்.எப். அலை நேர்கோட்டில் போவது. உயரத்தில் ஒரு ஆன்டெனாவும், வந்த குரலை வாங்கிப் பலப்படுத்தித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரும் இருந்தால் சமவெளி முழுக்கத் தெளிவாகக் கேட்கும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் 1980களில் கொண்டுவந்த பல-பேண்ட் ரேடியோக்களில் எப்.எம்.முக்கு மேலே 'ஏர்', 'பி.பி.' என்று சில பேண்டுகள் இருந்தன. ரிப்பேர் கடைகளில் அந்தப் பெட்டிகளைத் திருப்பும்போது திடீரென்று இரைச்சல் அடங்கி ஒரு குரல் வரும். 'கண்ட்ரோல்... கண்ட்ரோல்...' என்று யாரோ கூப்பிடுவார்கள். கடையில் இருப்பவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு முள்ளைத் தள்ளிவிடுவார்கள்.

அதைவிட அதிகமாகப் போலீஸ்காரர்களே நம்மைக் கேட்க வைத்தார்கள். கோரிப்பாளையம், சிம்மக்கல் பக்கம் டீக்கடைகளில் பந்தோபஸ்து போலீஸ் டீ குடிக்கும்போது தோளில் செட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஜீப்புகள் வரிசையாக நிற்கும். எல்லா ஜீப்பிலும் ஒரே குரல் ஒரே நேரத்தில் கேட்கும். நான் இதையெல்லாம் இப்படித்தான் கேட்டேன்: நின்றுகொண்டு, கேட்காத மாதிரி, கிளாசைக் கையில் பிடித்தபடி.

அப்படிக் கேட்டதில் செய்தியைவிடத் தொனிதான் மனசில் நிற்கும். பொத்தானை அமுக்கியவர் பேசலாம், மற்ற எல்லோரும் கேட்கத்தான் முடியும் என்பது இந்தக் கருவியின் அமைப்பு. ஆகவே மேலதிகாரி ஒரு ஏட்டையாவைத் திட்டினால் நகரம் முழுக்க உள்ள போலீஸ்காரர்களுக்கு அது கேட்கும். 'ஓபன் மைக்' என்ற சொல்லில் இருக்கிற அவமானம் இதுதான். மேலே இருப்பவர் 'என்னய்யா பண்ணிட்டிருக்க' என்பார். கீழே இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் 'அய்யா' போட்டு முடிப்பார். பூக்கோ சொன்ன பனாப்டிகானில் நடுக் கோபுரத்திலிருந்து கைதிகளைப் பார்க்கிறார்கள். பார்க்கப்படுகிறோமா என்று கைதிக்குத் தெரியாது. இங்கே காவல் காப்பவன்தான் எந்நேரமும் தன் பெயர் கூப்பிடப்படலாம் என்ற பயத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான்.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தெருவில் போகிறவனைப் போலீஸ்காரர் 'ஏய்' என்று கூப்பிடுகிறார்; அவன் திரும்பிப் பார்க்கும் கணத்தில் அரசின் குடிமகனாக உருவாகிறான் என்பார். டீக்கடையில் நிற்பவன் விஷயம் இதற்கு நேர்மாறு. அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனைப் போன்ற ஒருவனைப் பற்றி, அவன் இல்லாததாக நினைத்துக்கொண்டு, அரசு பேசுகிறது. எந்தத் தெருவைச் சொல்லும்போது குரல் மாறுகிறது, எந்த ஏரியாவுக்கு 'உடனே போ' என்கிறார்கள், எந்தக் காலனிக்கு 'பாத்துக்கலாம்' என்கிறார்கள், யாரை 'அவர்' என்றும் யாரை 'அவன்' என்றும் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவன் காதில் விழுகிறது. எப்.ஐ.ஆரிலோ அறிக்கையிலோ இந்த வேறுபாடு இருக்காது. எழுத்து எல்லோரையும் ஒரே மாதிரி 'மேற்படி நபர்' ஆக்கிவிடும்.

5

கேட்பது குற்றம் என்பதைத் தாண்டி, கருவி வைத்திருப்பதே தேசத்துரோகம் என்ற நிலைக்குத் தமிழ்நாடு வந்ததற்கு ஈழம் காரணம். 1980களில் போராளி இயக்கங்கள் இங்கிருந்து வயர்லெஸ் நடத்தியது ஊரறிந்த ரகசியம். 1986 நவம்பரில் தமிழகப் போலீஸ் அவர்களது தொடர்புக் கருவிகளைப் பறிமுதல் செய்தபோது, அவற்றைத் திருப்பிக் கேட்டுப் பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். கருவிகள் திரும்பக் கிடைத்தன. ஒரு வயர்லெஸ் பெட்டிக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைப்பதும், மாநில அரசு இறங்கிவருவதும் நடந்த காலம் அது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் எல்லாம் தலைகீழானது. இடைமறித்த சங்கேதச் செய்திகள் வழக்கில் சான்றாயின. அதற்குப் பிறகு ஆன்டெனா நீட்டிய எந்தப் பெட்டியும் சந்தேகத்துக்குரியது ஆனது. ரிப்பேர் கடைகளில் அந்தப் பேண்டுகளைத் திருப்பிப் பார்ப்பதும் நின்றது. 'எதுக்குண்ணே வம்பு' என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு கேட்கும் பழக்கம் முடிந்துபோனது.

6

இதே காலத்தில் பம்பாயில் நடந்ததைப் பார்க்கவேண்டும். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அங்கே நடந்த கலவரத்தின்போது போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்கும் ரோந்து வண்டிகளுக்கும் இடையே ஓடிய வயர்லெஸ் பேச்சின் ஒலிப்பதிவுகள் வெளியே வந்தன. பத்திரிகையாளர் தீஸ்தா சேதல்வாட் அவற்றை வெளிக்கொணர்ந்தார். முஸ்லிம்களைக் குறித்த வசைகளும், அவர்களுக்கு உதவி போகவேண்டாம் என்ற தொனியும் அதில் இருந்தன. ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் முன்பும் இந்தப் பேச்சு வந்தது. 1998இல் வெளியான அதன் அறிக்கை போலீசின் பாரபட்சத்தைத் திட்டவட்டமாகச் சொன்னது. போலீஸ் ஒருதலைப்பட்சமாக நடந்தது என்று பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரம் தடவை சொல்லியும் 'குற்றச்சாட்டு' என்றே இருந்தது, போலீசின் சொந்தக் குரல் ஒலித்தபோது உண்மை ஆனது. பாதிக்கப்பட்டவனின் சாட்சியத்துக்கு அரசின் குரல் துணைக்கு வந்தால்தான் மதிப்பு என்பதே ஒரு அநியாயம். ஆனால் அந்த அநியாயத்துக்குள் கிடைத்த ஒரு பிடி அது.

குஜராத்தில் அந்தப் பிடியும் நழுவியது. 2002 கலவர காலத்தைச் சேர்ந்த சில பதிவேடுகள் வழக்கமான விதிப்படி 2007இல் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2011இல் அரசுத் தரப்பு சொன்னது. சதி என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. விதிப்படியே அழியும் என்பதுதான் பிரச்சினை.

மதுரையிலிருந்து கிழக்கே வைகை போகிற வழியில் இருக்கிறது பரமக்குடி. 2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். ஜான் பாண்டியன் தடுத்து வைக்கப்பட்ட செய்தி பரவி, மறியல் நடந்து, போலீஸ் சுட்டதில் தலித்துகள் கொல்லப்பட்டார்கள். விசாரித்த நீதிபதி சம்பத் கமிஷன் துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது. கூட்டம் எத்தனை பேர், கல் எங்கிருந்து வந்தது, உத்தரவு எப்போது என்பதெல்லாம் பிறகு எழுதப்பட்ட வாக்குமூலங்களிலிருந்து நமக்குக் கிடைக்கிறது. பிறகு எழுதப்படுவது எப்போதும் காரணத்தோடு எழுதப்படும். அந்த ஐந்து முக்குச் சாலையில் நின்றவர்களுக்குள் அந்த நேரத்தில் ஓடிய பேச்சை நாம் கேட்டவர்கள் இல்லை. அது கேட்கக் கிடைத்தால் போலீஸ் தரப்புக்குச் சாதகமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், காரணம் கற்பிக்கப்படுவதற்கு முந்தைய பேச்சு அது.

ரணஜித் குஹா காலனியக் காலத்து விவசாயக் கிளர்ச்சிகள் குறித்த தமது 1983ஆம் ஆண்டு நூலில், கிளர்ச்சி செய்தவன் எழுதி வைத்துவிட்டுப் போகாததால் அவனை ஒடுக்கியவனின் தந்திகளையும் அறிக்கைகளையும் தலைகீழாக வாசித்துத்தான் அவனைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று காட்டினார். சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பெருங்காமநல்லூர் பற்றிய அரசாணைகளைப் புரட்டுகிறவர் செய்வதும் இதுதான். கலெக்டர் போலீசுக்கும், போலீஸ் மாகாண அரசுக்கும் எழுதியது எதுவும் அவருக்காக எழுதப்பட்டதல்ல. நூறு வருடம் கழித்து அவர் அதை ஒட்டுக்கேட்கிறார். அடித்தள மக்கள் வரலாறு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிக் காலம் கடந்து ஒட்டுக்கேட்டதுதான். வெள்ளைக்காரன் எழுதினான், எழுதியதைக் கட்டி வைத்தான். ஆகவே கேட்க முடிந்தது. இன்றைய அரசு பேசுகிறது. பேச்சு காற்றோடு போய்விடுகிறது, அல்லது குறிப்பிட்ட நாள் வைத்திருந்து அழிக்கப்படுகிறது. 1920இன் பெருங்காமநல்லூரைப் பற்றி எழுத அரசின் உட்பேச்சு ஓரளவு கிடைக்கிறது. 2011இன் பரமக்குடியைப் பற்றி 2111இல் எழுதப்போகிறவருக்கு அது கிடைக்குமா?

7

இதற்கு மறுதரப்பு உண்டு; அதை லேசாக ஒதுக்க முடியாது. மைக்கில் ஓடுவது அதிகாரிகளின் பேச்சு மட்டுமல்ல. அடிவாங்கி போன் செய்த பெண்ணின் பெயரும் வீட்டு அடையாளமும் அதில் வரும். சாதி மறுத்துக் கல்யாணம் செய்து ஸ்டேஷனில் தஞ்சம் புகுந்த ஜோடி எந்த ஸ்டேஷனில் இருக்கிறது என்பது அதில் வரும். நம் சமவெளியில் அந்தத் தகவல் யார் காதுக்குப் போகும், போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழைக்கப்படாத காது எல்லாம் ஜனநாயகக் காது ஆகிவிடாது. துப்புக்கூலிக் காலத்தைப் போலவே இங்கும் வசதியும் பலமும் உள்ளவன் காதுதான் முதலில் எட்டும்.

தீயணைப்பு விஷயம் இதிலிருந்து கொஞ்சம் வேறுபடுகிறது. முன்பெல்லாம் தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வரும். விலக வேண்டும், உதவ வேண்டும் என்பதற்காக ஊரைக் கூப்பிடும் ஒலி அது. மாசி வீதிகளையும் சந்துகளையும் தெரிந்தவர்களுக்குத் தெரியும், உள்ளூர்க்காரர் துணையில்லாமல் வண்டி உள்ளே நுழைய முடியாது. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. 2020 நவம்பர் 14, தீபாவளி விடியலில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் பற்றிய தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் பழைய கட்டடம் இடிந்து செத்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் உள்ளே போகிறவருக்கும் வெளியே நிற்பவருக்கும் இடையே ஓடும் பேச்சில் எதிரியிடமிருந்து மறைக்க வேண்டிய ரகசியம் எதுவும் கிடையாது. அடுத்த தீயில் ஒருவர் சாகாமலிருக்க அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். போலீஸ் மைக்கையும் தீயணைப்பு மைக்கையும் ஒரே பூட்டுக்குள் வைக்கும் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

நடப்பது என்னவென்றால், பூட்டு இன்னும் பலமாகிறது. அனலாக் செட்டுகளின் இடத்துக்கு டிஜிட்டல் செட்டுகள் வருகின்றன. சங்கேதமாக்கப்பட்ட டிஜிட்டல் பேச்சு ஸ்கேனர் வைத்திருப்பவனுக்கு வெறும் இரைச்சல். ஸ்கேனரின் தாயகமான அமெரிக்காவிலேயே நகரம் நகரமாக மாறுகிறார்கள். நியூயார்க் போலீஸ் 2023இல் தன் அலைவரிசைகளைச் சங்கேதமாக்கத் தொடங்கியது. இங்கே 1885, 1933 சட்டங்களின் இடத்தில் 2023இன் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நூறு ரூபாயில் தொடங்கிய விலை இது. குடிமக்களின் செய்தியை அரசு இடைமறிக்கும் அதிகாரம் மட்டும் பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு குறித்து 1996இல் பி.யூ.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் சில நெறிமுறைகளைச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்றது. பொதுச்சொத்தில் ஏறிப் போகிற பேச்சுக்குப் பொதுமக்களிடம் எந்தக் கணக்கும் ஒப்படைக்க வேண்டாமா என்ற கேள்வி அந்தத் தீர்ப்பிலிருந்து இயல்பாக எழுவது. இதுவரை அதை யாரும் அழுத்தமாகக் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மைக்கை எல்லோருக்கும் திறந்துவிடு என்று சொல்ல மாட்டேன். தஞ்சம் புகுந்த அந்த ஜோடியை நினைத்தால் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது வேறு. துப்பாக்கிச் சூடு, காவல் மரணம், சாதிக் கலவரம், பெருந்தீ நடந்த நாட்களின் வயர்லெஸ் பதிவை அழிக்கும் அதிகாரம் பேசியவர்கள் கையிலேயே இருக்கக்கூடாது. அன்றைக்கே அது முத்திரையிடப்பட்டு நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போகவேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை நீக்கி, ஒரு கால வரம்புக்குப் பிறகு ஆவணக் காப்பகத்தில் எவரும் கேட்கும்படி வைக்க வேண்டும். காகிதத்துக்கு இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. குரலுக்கு மட்டும் ஏன் இல்லை?

மனித உரிமை அமைப்புகள் உண்மையறியும் குழுக்களை அனுப்புகிறபோது ஊர்க்காரர்களிடம் வாக்குமூலம் வாங்குகிறோம், தோட்டா பாய்ந்த சுவரைப் படம் எடுக்கிறோம். முதல் நாளே வயர்லெஸ் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி ஒரு மனு போடுவதையும் இந்த வேலைகளோடு சேர்த்துக்கொள்ளலாம். மறுத்துப் பதில் வந்தாலும் அந்தப் பதில் ஒரு ஆவணம். குரல் இருந்தது, கேட்டோம், தரவில்லை என்பதாவது எழுத்தில் மிஞ்சும்.